கரண்ட் போய் வந்த பின் மைஎஸ்க்யூஎல் ஸ்டார்ட் ஆகவில்லை: ஐபிடேட்டா1 கோப்பை அழிக்கலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். கொழிஞ்சாம்பாறையில் உங்கள் மாமாவுக்குத் தீவனமும் உரமும் விற்கும் கடை. பில் போடும் சாஃப்ட்வேர் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் சர்வரை வைத்து ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இடிமழையில் கரண்ட் இரண்டு மூன்று தடவை போய் வந்தது. திங்கள் காலையிலிருந்து சர்வீஸை ஸ்டார்ட் செய்தால் 1067 என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. பக்கத்துக் கடைகளுக்குக் கம்ப்யூட்டர் பார்க்கும் பையன், ஐபிடேட்டா1 கோப்பையும் கூட இருக்கும் லாக்ஃபைல்களையும் அழித்தால் சரியாகிவிடும் என்கிறான். கடைசி பேக்கப் ஓணத்துக்கு முன்னால் எடுத்தது. அழிக்கலாமா என்று கேட்கிறீர்கள். உங்களை உறுத்துவது, ஓணத்திலிருந்து இன்றுவரை போட்ட பில்லும் பாக்கிக் கணக்கும் திரும்பக் கிடைக்குமா என்பதுதான். அதை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன். வெறும் சர்வரை ஓடவைப்பது பெரிய வேலை இல்லை, காலி சர்வர் ஒன்றை யார் வேண்டுமானாலும் பத்து நிமிடத்தில் ஓடவிடலாம்.

அழிக்காதீர்கள். இந்தப் பதிலில் நான் தயங்காமல் சொல்லும் முதல் விஷயம் இது. பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்திலும் (ஆந்திரச் சித்தூர் இல்லை) பொள்ளாச்சியிலும் இந்த மாதிரிக் கடைகளுக்கும் அரிசி மில்களுக்கும் சர்வர் பார்ப்பது என் பிழைப்பு. ஐப்பசி இடிமழை ஆரம்பித்தால் எனக்கு வரும் போன்களில் பாதி இதே கதைதான். சர்வர் செத்ததால் கணக்கு போனவர்களைவிட, அதை எழுப்பப் போய் கணக்கைத் தொலைத்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 5.7 போன்ற பழைய பதிப்பில் அந்தக் கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் மைஎஸ்க்யூஎல் புதிதாக அவற்றை உண்டாக்கிக்கொண்டு ஓடத்தான் செய்யும். சர்வீஸ் பக்கத்தில் பார்த்தால் ஓடுகிறது என்றே காட்டும். பில்லிங் சாஃப்ட்வேரைத் திறந்த பிறகுதான் அந்த டேபிள் இல்லை, இந்த டேபிள் இல்லை என்று வரும். எந்த டேபிள் எந்தக் கோப்பில் இருக்கிறது என்ற பதிவேடு அந்தப் பதிப்புகளில் ஐபிடேட்டா1-க்குள்தான் இருக்கிறது. அது போனால் ஐபிடி என்று முடியும் டேபிள் கோப்புகள் டிஸ்கில் பத்திரமாக இருந்தும் சர்வருக்கு அவை யாருடையவை என்று தெரியாது. 8.0-வில் அந்தப் பதிவேடு மைஎஸ்க்யூஎல்.ஐபிடி என்ற தனிக் கோப்புக்குப் போய்விட்டது. அங்கே ஐபிடேட்டா1-ஐ அழித்தால் பெரும்பாலும் சர்வர் ஸ்டார்ட்டே ஆகாது. ஆகவே எந்தப் பதிப்பானாலும் அழிப்பதில் லாபம் இல்லை.

லாக்ஃபைல் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. மாமா கடையில் நாள்வழியும் பேரேடும் வைத்திருந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடப்பது எல்லாம் உடனே நாள்வழியில் ஏறும், பேரேட்டுக்கு சாவகாசமாக எடுத்து எழுதுவார்கள். மைஎஸ்க்யூஎல்லும் அப்படித்தான். ஒரு பில் போட்டதும் அது முதலில் ரீடூ லாக் எனும் அந்த லாக்ஃபைலில் எழுதப்படுகிறது. டேபிள் கோப்பில் பிறகு சேர்கிறது. கரண்ட் திடீரென்று போனால் பேரேட்டில் ஏறாத வரிகள் நாள்வழியில் மட்டும் நிற்கும். அடுத்த முறை ஸ்டார்ட் ஆகும்போது சர்வர் அதைப் படித்து, விட்டுப்போனதை எல்லாம் பேரேட்டில் எழுதிக்கொள்ளும். கிராஷ் ரெகவரி என்பது இந்த வேலைதான். 5.7 போன்ற பழைய பதிப்பில், ஒழுங்காக ஷட்டவுன் ஆன சர்வரில் லாக்ஃபைலை நீக்கினால் ஒன்றும் ஆகாது, புதிது உண்டாகிவிடும். அந்தப் பையன் எங்கோ அப்படி ஒரு இடத்தில் செய்து பார்த்திருப்பான். உங்கள் சர்வர் ஒழுங்காக நிற்கவில்லை. அங்கே நீக்கினால் ஞாயிற்றுக்கிழமை கடைசியாக நடந்த மாற்றங்கள் போவதோடு, பாதி எழுதிய பக்கங்கள் அப்படியே நின்று டேபிள்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் ஆகிவிடலாம். 8.0.30-லிருந்து இந்தக் கோப்புகள் டேட்டா ஃபோல்டருக்குள் ஹேஷ் குறியோடு தொடங்கும் இன்னோடிபி_ரீடூ என்ற தனி ஃபோல்டரில் இருக்கின்றன. தெரியாத ஃபோல்டர் என்று அதையும் யாராவது நீக்கிவிடப் போகிறார்கள்.

ஏற்கெனவே அழித்தாகிவிட்டது என்றால்? எக்ஸ்ப்ளோரரில் அழித்திருந்தால் ரீசைக்கிள் பின்னில் இருக்க வாய்ப்பு உண்டு. சர்வீஸை நிறுத்தி, புதிதாக உண்டானவற்றை வேறு இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு, பழையவற்றை எடுத்து அதே இடத்தில் வையுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பலர் மறைத்துவிடுகிறார்கள். மறைத்தால் பார்க்க வருபவர் தவறான இடத்தில் தேடுவார்.

சரி, முதல் வேலை என்ன? காப்பி. சர்வீஸை நிறுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் மைஎஸ்க்யூஎல்டி என்ற நிரல் இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடவில்லை என்று உறுதியான பிறகு டேட்டா ஃபோல்டரை முழுதாக, மை.இனி என்ற செட்டிங்ஸ் கோப்போடு சேர்த்து, வெளி ஹார்ட் டிஸ்குக்கு எடுங்கள். வழக்கமாக அது சி டிரைவில் புரோகிராம்டேட்டா என்ற ஃபோல்டருக்குள் மைஎஸ்க்யூஎல்லின் கீழே இருக்கும். புரோகிராம்டேட்டா மறைக்கப்பட்ட ஃபோல்டர், மறைந்தவற்றைக் காட்டு என்று எக்ஸ்ப்ளோரரில் மாற்றினால்தான் தெரியும். புரோகிராம் ஃபைல்ஸ் உள்ளே தேடிவிட்டு டேட்டாவே இல்லை என்று பதறுபவர்கள் உண்டு. பில்லிங் சாஃப்ட்வேர் போட்டவர் வேறு இடத்தில் வைத்திருந்தால் மை.இனி-யில் டேட்டாடிர் என்ற வரி அந்த இடத்தைச் சொல்லும். பழைய பென்டிரைவ் ஒன்றில் காப்பி செய்யப் பார்த்தால், அது ஃபேட்32 முறையில் இருக்கும்பட்சத்தில் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒரு கோப்பு ஏறாது. ஐபிடேட்டா1 அந்த அளவைத் தாண்டியிருந்தால் அது மட்டும் விட்டுப்போகும், நீங்கள் கவனிக்காமலும் போகலாம். காப்பி ஆன பிறகு இரண்டு ஃபோல்டரின் அளவும் ஒன்றா என்று பாருங்கள்.

காப்பி எடுக்கும்போதே ஒரு சோதனையும் நடந்துவிடுகிறது. ஏதாவது ஒரு கோப்பில் வந்து நின்று, படிக்க முடியவில்லை, சைக்ளிக் ரிடன்டன்சி பிழை என்று விண்டோஸ் சொன்னால் கோளாறு டிஸ்கில் இருக்கிறது, மைஎஸ்க்யூஎல்லை விட்டுவிடுங்கள். அந்த நிலையில் விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்ட வேண்டாம். அது கோப்பு அமைப்பை ஒழுங்குபடுத்தும் வேகத்தில் படிக்க முடியாத பகுதிகளைக் கழித்துவிடக் கூடும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, டேட்டா ரெகவரி செய்பவரிடம் கோயம்புத்தூர் வரை போவதே நல்லது. செலவு ஆகும், ஆனால் அதற்கு மேல் வீட்டு வைத்தியம் இல்லை.

காப்பி பத்திரமாக இருந்தால் அப்புறம் நிதானமாகக் காரணத்தைத் தேடலாம். 1067 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். அது விண்டோஸ் கொடுக்கும் எண். நான் ஸ்டார்ட் செய்த நிரல் எதிர்பாராமல் நின்றுவிட்டது என்பதற்கு மேல் அதில் ஒரு செய்தியும் கிடையாது. அந்த எண்ணைக் கூகுளில் போட்டால் நூறு வைத்தியம் வரும், ஒவ்வொன்றும் வேறு வேறு நோய்க்கு. உண்மையான காரணம் டேட்டா ஃபோல்டரிலேயே, கம்ப்யூட்டரின் பெயரோடு எர் (err) என்று முடியும் கோப்பில் இருக்கும். நோட்பேடில் திறக்கலாம். கடைசி வரியைப் படித்தால் நிறுத்துகிறேன் என்று மட்டும் இருக்கும். கடைசி முறை ஸ்டார்ட் செய்தபோது எழுதத் தொடங்கிய இடத்துக்கு மேலே போய், அங்கிருந்து கீழே வரும்போது எர்ரர் என்று வரும் முதல் வரியைப் பாருங்கள். அதுதான் காரணம், பின்னால் வருபவை எல்லாம் அதன் விளைவு. நேரத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 5.7-லிருந்து லாக்கில் நேரம் உலகப் பொது நேரத்தில் பதிவாகிறது, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கி இருக்கும். காலை 9.30-க்கு நீங்கள் ஸ்டார்ட் செய்தது 4.00 என்று தெரியும்.

அந்த வரியில் என்ன வரும் என்பதை லாக்கைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்தவரை உங்கள் நிலைமைக்குப் பொருந்தக் கூடியவற்றைச் சொல்கிறேன். ரெகவரி நடக்கிறது, இவ்வளவு தூரம் படித்தாகிவிட்டது என்று வரிகள் ஓடி, எர்ரர் இல்லாமல் பாதியில் நின்றிருந்தால் சர்வர் வேலையை முடிக்கும் முன்பே யாரோ மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தமாகலாம். அப்போது மருந்து பொறுமைதான். ஸ்டார்ட் கொடுத்துவிட்டு லாக் நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். வேறு நிரல் இந்தக் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறது என்ற பொருளில், இயங்குதளப் பிழை எண் 32 என்று வந்தால் ஆன்டிவைரஸையோ, ஃபோல்டரை ஆன்லைனில் ஏற்றும் நிரலையோ, முன்பே ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு மைஎஸ்க்யூஎல்லையோ சந்தேகப்படுங்கள். 3306 என்ற போர்ட்டை வேறு ஒன்று பிடித்திருக்கிறது என்று வந்தாலும் அதே கதை: கல்லூரிக்குப் போகும் யாராவது அதே கம்ப்யூட்டரில் படிப்புக்காக எக்ஸ்ஏஎம்பிபி (டேட்டாபேஸ் சர்வரும் சேர்ந்தே வரும் தொகுப்பு) போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். டிஸ்க் நிறைந்திருந்தால் அதுவும் லாக்கில் வரும். அப்போது இடம் பண்ண டேட்டா ஃபோல்டரில் எதையும் தொடக் கூடாது, பின் (bin) என்ற சொல்லோடு எண் போட்டு நிற்கும் பைனரி லாக்குகள் (நடந்த மாற்றங்களின் பதிவு) உட்பட. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் கல்யாண வீடியோக்களை நகர்த்தினாலே போதும்.

இன்னொரு வகை இருக்கிறது, மின்வெட்டோடு சம்பந்தமே இல்லாதது. மை.இனி-யில் எப்போதோ செய்த மாற்றம் அடுத்த ரீஸ்டார்ட்டில்தான் வெளியே வரும். மாதக் கணக்கில் அணைக்காமல் ஓடிய சர்வரில் கரண்ட் போனதுதான் முதல் ரீஸ்டார்ட். 5.7-க்கு எழுதிய செட்டிங்ஸிலிருந்து குவெரி கேஷ் சைஸ் என்ற வரியை யாராவது 8.0-வின் மை.இனி-யில் சேர்த்திருந்தால் சர்வர் அந்த வரியைத் தெரியாது என்று சொல்லி நின்றுவிடும், ஏனென்றால் 8.0-வில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். நோட்பேடில் திறந்து யூடிஎஃப்-8 பிஓஎம் என்ற முறையில் சேமித்தாலும் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் சேர்ந்து, முதல் வரியே புரியாமல் சர்வர் விழும். இந்த வகைக் கோளாறில் எர் கோப்பில் புதிதாக ஒரு வரிகூட இல்லாமல் போகலாம். அப்போது கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, மைஎஸ்க்யூஎல்டி நிரலை டிஃபால்ட்ஸ்-ஃபைல் ஆப்ஷனில் மை.இனி இருக்கும் இடத்தைக் கொடுத்து, கன்சோல் என்ற ஆப்ஷனும் சேர்த்து ஓடவிடுங்கள். டிஃபால்ட்ஸ்-ஃபைல் முதலில் வர வேண்டும், இல்லாவிட்டால் ஏற்காது. சர்வர் சொல்ல வந்ததைத் திரையிலேயே சொல்லிவிடும். இது அமைந்தால் உங்களுக்கு நல்ல காலம், ஒரு வரியை மாற்றினால் முடிந்தது.

நான் பயப்படுவது மற்றொன்றுக்கு. இந்தப் பக்கம் கெட்டுப்போயிருக்கிறது, செக்சம் (பக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் எண்) ஒத்துவரவில்லை என்ற பொருளில் லாக்கில் வந்தால் டேபிள் கோப்பிலேயே அடி விழுந்திருக்கிறது. மைஎஸ்க்யூஎல் 16 கேபி அளவுள்ள பக்கங்களாக எழுதுகிறது. பாதி எழுதும்போது கரண்ட் போனால் சமாளிக்க டபுள்ரைட் என்ற ஏற்பாடும் வைத்திருக்கிறது. அதையும் மீறிக் கெடுவதற்கு, எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் தன் கேஷில் வைத்துக்கொள்ளும் மலிவான எஸ்எஸ்டிகள் ஒரு காரணம் என்பது என் அனுமானம். உங்கள் கம்ப்யூட்டரில் அதுதான் நடந்தது என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன்.

அப்படி வந்தால் இன்னோடிபி ஃபோர்ஸ் ரெகவரி என்று ஒரு செட்டிங் உண்டு, ஆங்கிலத்தில் மூன்று சொற்களையும் அடிக்கோட்டால் சேர்த்து மை.இனி-யில் மைஎஸ்க்யூஎல்டி பகுதிக்குக் கீழே எழுத வேண்டும். மதிப்பு 1-லிருந்து 6 வரை. இணையத்தில் பலர் நேராக 6 போடச் சொல்கிறார்கள், அது கொடுமை. 1 போட்டால் கெட்ட பக்கங்களைக் கண்டும் விலகிப் போகும். 2 பின்னணி வேலைகளை நிறுத்தும், 3 முடியாத டிரான்ஸாக்ஷன்களைத் திரும்பப் பெறுவதை விட்டுவிடும். 4-லிருந்து மேலே டேட்டா நிரந்தரமாகக் கெடலாம் என்று மைஎஸ்க்யூஎல்லின் கையேடே எச்சரிக்கிறது. 6 என்பது நாள்வழியைத் திறக்கவே மாட்டேன் என்பது. 1-ல் ஆரம்பித்து, ஸ்டார்ட் ஆகாவிட்டால் மட்டும் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். முடிந்தால் வேறு கம்ப்யூட்டரில் அதே பதிப்பை நிறுவி, எடுத்து வைத்த காப்பியின் காப்பியில் செய்யுங்கள். 3-ஐத் தாண்ட வேண்டிவந்தால் தனியாகச் செய்யாமல் தெரிந்தவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலையில் ஸ்டார்ட் ஆகிவிட்டால் பில் போட ஆரம்பித்துவிடாதீர்கள். மதிப்பு பூஜ்யத்துக்கு மேல் இருக்கும்வரை புதிதாக எழுதவும் விடாது, அந்தத் தடை உங்கள் நன்மைக்கே. செய்ய வேண்டியது மைஎஸ்க்யூஎல்டம்ப் கொண்டு டேட்டாபேஸை ஒரு எஸ்க்யூஎல் கோப்பாக வெளியே எடுப்பது. ஒரு டேபிளில் சர்வர் விழுந்தால் அதை விட்டுவிட்டு மற்றவற்றை எடுங்கள். விழுந்த டேபிளையும் பில் எண் வரிசையில் துண்டு துண்டாக எடுத்தால் கெட்ட பகுதிக்கு முன்னும் பின்னும் உள்ளவை கிடைக்கும். ஐயாயிரம் பில்லில் நாற்பது போய் மீதி வருவது இப்படித்தான். எடுத்த கோப்பின் கடைசியில் டம்ப் முடிந்தது என்று தேதியோடு ஒரு வரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பாதியில் நின்ற கோப்பு. பிறகு புதிய, சுத்தமான டேட்டா ஃபோல்டரில் அந்தச் செட்டிங் இல்லாமல் சர்வரை ஓடவிட்டு, எடுத்ததை உள்ளே ஏற்ற வேண்டும். கெட்ட ஃபோல்டரிலேயே தொடர்ந்து ஓட்டினால் அடுத்த இடியில் மறுபடி இங்கே வந்து நிற்பீர்கள்.

உங்களிடம் இருப்பது எக்ஸ்ஏஎம்பிபி என்றால் உள்ளே இருப்பது மைஎஸ்க்யூஎல் அல்ல, அதிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபி. 2015-லிருந்து அப்படி. அங்கே கரண்ட் போனதும் அடிபடுவது பெரும்பாலும் ஏரியா என்ற வகையில் இருக்கும் சர்வரின் சொந்த டேபிள்கள். ஏரியா ரெகவரி தோற்றது என்று லாக்கில் வரும். பில் டேபிள்களுக்கு ஒன்றும் ஆகாமலே சர்வர் நிற்கக் கூடும். டேட்டா ஃபோல்டரைப் பெயர் மாற்றி வைத்துவிட்டு, எக்ஸ்ஏஎம்பிபியோடு வரும் பேக்கப் ஃபோல்டரை டேட்டாவாக்கி, பழையதிலிருந்து உங்கள் டேட்டாபேஸ் ஃபோல்டரையும் ஐபிடேட்டா1-ஐயும் கொண்டுவந்து வைக்கும் முறை ஒன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பல நேரம் பலிக்கிறது. ஐபிடேட்டா1-ஐக் கூடவே கொண்டுவருவதால்தான் பலிக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

எதுவுமே எழவில்லை என்றாலும் ஓணத்துக்குப் பிந்தைய கணக்கு முழுக்கப் போய்விடாது. 8.0-வாக இருந்தால் பைனரி லாக் இயல்பாகவே ஓடிக்கொண்டிருக்கும், 30 நாள் மாற்றங்கள் அதில் வரிவரியாக நிற்கும். மைஎஸ்க்யூஎல்பின்லாக் என்ற கருவியால் அந்த நாட்களில் சேர்ந்த பில்களைப் படித்தெடுக்கலாம். அதனால்தான் அந்தக் கோப்புகளைத் தொடாதீர்கள் என்றேன். அதற்கு முந்தைய நாட்களுக்கு, விற்பனையைக் காட்டித் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1 இருக்கிறது. மாதாமாதம் தாக்கல் செய்பவர் என்றால் ஜிஎஸ்டி எண் உள்ள வியாபாரிகளுக்குப் போட்ட, வரி உள்ள பில்கள் ஒவ்வொன்றாக ஜிஎஸ்டி தளத்தில் ஏறியிருக்கும், அங்கிருந்து இறக்கிக்கொள்ளலாம். விவசாயிகளுக்குப் போட்ட சில்லறை பில்கள் மொத்தத் தொகையாகத்தான் இருக்கும், பிரித்து எடுக்க முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பில் பிடிஎஃப்கள், கடன் நோட்டு, மாமாவின் ஞாபகம் எல்லாம் அந்த இடத்தில்தான் உதவும். ஓணத்துக்கு முன்னால் எடுத்த பேக்கப் எஸ்க்யூஎல் கோப்பா அல்லது ஓடிக்கொண்டிருந்த டேட்டா ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் இழுத்துப் போட்டதா என்றும் பாருங்கள். இரண்டாவது என்றால் அதை பேக்கப் என்று நம்ப வேண்டாம், ஓடும்போது எடுத்த ஃபோல்டர் திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இப்போதைக்கு மாமாவைக் கையால் பில் போடச் சொல்லிவிட்டு, காப்பியை முடித்து, எர் கோப்பில் கடைசி ஸ்டார்ட் முயற்சியின் வரிகளை இங்கே போடுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் பதிப்பு எண், சி டிரைவில் மீதி உள்ள இடம் இரண்டும் வேண்டும். அந்தப் பையன் வேறு ஏதாவது செய்து பார்த்திருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள், அவனைத் திட்டாமல் கேட்டால் சொல்லிவிடுவான்.